எந்த ஊர் மரை?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதிய கடிதத்தில், "வரலாறு சம்பந்தமாக இருக்கட்டும், ஆனால் ராஜாக்கள் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. என்னிடம் இருப்பதும் ராஜா இல்லாத வரலாறுதான். துருவேறி இறுகிப்போன போல்டுகளின் வரலாறு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் செட்டு நண்பர்கள் ஆளுக்கொரு பொழுதுபோக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் மாடித் தோட்டம் போடுகிறார். ஒருவர் பழைய ரேடியோக்களைப் பாட வைக்கிறார். இன்னொருவர் பேரனின் சைக்கிளைப் பிரித்து மாட்டியே பொழுதைக் கழிக்கிறார். நான் பழைய படகு எஞ்சின்களைப் பிரிக்கிறேன். இப்போது என் கார் ஷெட்டில் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனியார் செய்த மாதிரியைப் பார்த்து, நம் ராஜ்கோட்டில் வார்த்தது. நிமிடத்துக்கு 650 சுற்று. நம் ஊர்க் கிணற்று மேட்டில் "குக்கு குக்கு" என்று ஓடிக்கொண்டிருந்த அதே ஜாதி. இது மட்டும் கிணற்றுக்குப் போகாமல் தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னப் படகில் ஏறி, உப்புத் தண்ணீரில் பல வருஷம் உழைத்துவிட்டு, கடைசியில் பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்தது. கார் வெளியே வெயிலில் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கருத்துகள் இந்த மலருக்கு உகந்தவை அல்ல.

இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் எதற்குப் போகிறது என்று கேட்டால், எஞ்சினை ரிப்பேர் செய்வதற்கு அல்ல, அதைத் திறப்பதற்கு. ஒரு நட்டு அசைவதற்கு மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அப்படி யோசித்துப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது: இறுகிய போல்டின் மேல் ஸ்பேனரை வைக்கும் முன்பு, அது எந்த நாட்டில், எந்தக் காலத்து அளவில் வெட்டிய மரை என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கை வைத்தால் போல்டின் தலை உருண்டு போகும், இல்லையேல் கழுத்து முறியும். வரலாறு தெரியாவிட்டால் பரீட்சையில்தான் மார்க் போகும் என்று நினைத்திருந்தோம். இங்கே ஒரு எஞ்சினே போய்விடும்.

முதலில், ஏன் இறுகுகிறது? இரும்பு துருவாகும்போது பருக்கிறது. தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு அடைக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு பருத்தால் ஆப்பு வைத்து அடித்த மாதிரிதான். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் சுலபமாகக் கடக்கிறது, துருவும் வேகமாக ஏறுகிறது. ஆனால் கடலில் இன்னொரு வம்பும் உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால், அவற்றில் ஒன்று மற்றொன்றுக்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும்.

இதை உலகம் தெரிந்துகொண்டதும் ஒரு போல்டு சமாசாரத்தில்தான். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டால் மூடியது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும், ஒட்டிக்கொள்ளும் பாசியும் சிப்பியும் தொலையும் என்பது எண்ணம். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியது. 1763-ல் பரிசோதித்தார்கள். செம்பு பிரமாதமாக இருந்தது, புழு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளும் போல்டுகளும் கூழாகிப் போயிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு நன்றாகவே இருந்தது. பார்த்தால், செப்புத் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழிக்கப்படாமல் அங்கே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது! காகிதம் காப்பாற்றிய இரும்பு. ஏன் என்று அன்றைக்கு யாராலும் விளக்க முடியவில்லை. வோல்டா தன் மின் அடுக்கைச் செய்து காட்டியது 1800-ல்தான். காரணம் தெரியாமலேயே கடற்படை 1780-களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரும்பு போல்டுகளை விட்டுவிட்டு, செம்புக் கலவை போல்டுகளுக்கு மாறியது. தொழில் தெரிந்தவன் காரணத்துக்காகக் காத்திருப்பதில்லை.

காரணத்தைப் பிடித்தவர் ஹம்ப்ரி டேவி. சுரங்க விளக்கு டேவியேதான். 1824-ல் அவர் ஒரு வைத்தியம் சொன்னார்: செம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைவிடச் சுலபமாகக் கரையக்கூடிய துத்தநாகத்தையோ இரும்பையோ பக்கத்தில் பலி கொடுங்கள். 'சாமராங்' என்ற போர்க்கப்பலில் சோதித்தார்கள். இந்தக் கப்பல் கட்டப்பட்டது எங்கே தெரியுமா? நம் பக்கத்துக் கொச்சியில், தேக்கு மரத்தில். 1822-ல் நீரில் இறக்கினார்கள். டேவியின் வைத்தியத்தில் செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரையும் செம்பின் விஷம்தான் அதுவரை பாசியையும் சிப்பியையும் விரட்டியிருக்கிறது. கரைவது நின்றதும் அவை குடும்பத்தோடு வந்து குடியேறின. பாவம் டேவி, கடற்படை அவர் யோசனையைக் கைவிட்டது. யோசனை மட்டும் சாகவில்லை. இன்று எந்த மீன்பிடி துறைமுகத்துக்குப் போய் அவுட்போர்டு மோட்டாரைக் குனிந்து பார்த்தாலும், அடியில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று திருகியிருக்கும். பலி கொடுப்பதற்காகவே வைத்த உலோகம் அது. அந்தக் கட்டி கரைந்து தீர்ந்த பிறகும் புதிது மாட்டாமல் விட்டால், அடுத்த பலி அலுமினிய உடல். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்டு இறுகிப்போவது இப்படித்தான். போல்டு பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும். சுற்றிலும் வெள்ளை மாவு பூத்திருக்கும். திருகினால் அசையாது.

சரி, மரைக்கு வருவோம். "மரை கழண்ட கேஸ்" என்று நாம் விடுதியில் சிலரைச் சொல்வோமே, அந்த மரைக்கு ஒரு காலத்தில் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு அளவு. ஒரு பட்டறை போல்டு பக்கத்துப் பட்டறை நட்டில் ஏறாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டி மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய பிறகுதான், ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட முடிந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் அடுத்த படிக்குப் போனார். இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்தும் போல்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை பல், பல்லின் முனையும் அடியும் உருட்டியிருக்க வேண்டும் என்று 1841-ல் லண்டன் சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தில் கட்டுரை படித்தார். உலகின் முதல் தேசிய மரை அளவு அது.

அதன் பலன் தெரிந்தது படகு எஞ்சினில்தான் என்பது எனக்குத் தனி சந்தோஷம். கிரிமியப் போரின்போது (1853-56) பிரிட்டிஷ் கடற்படைக்கு அவசரமாகச் சின்னப் பீரங்கிப் படகுகள் வேண்டியிருந்தன. ஜான் பென் என்ற எஞ்சின் தயாரிப்பாளர் 90 படகுகளுக்கு நீராவி எஞ்சின் செய்ய ஒப்புக்கொண்டார். ஒரே தொழிற்சாலையில் நடக்கிற காரியமா? அவர் மாதிரி எஞ்சினைப் பிரித்தார். பாகங்களை நாட்டின் நல்ல பட்டறைகளுக்கு அனுப்பி, "இதேபோல் அச்சு அசலாக 90 செய்யுங்கள்" என்றார். எல்லாம் திரும்பி வந்து சேர்ந்தபோது ஒன்றோடொன்று பொருந்தின. 90 எஞ்சின்களும் 90 நாளில் முடிந்தன என்பது எஞ்சினீயரிங் உலகில் பெயர் பெற்ற கதை. எல்லோரும் விட்வொர்த் மரையில் வெட்டியிருந்தால்தான் இது முடியும்.

பிரிட்டிஷ்காரர்கள் போன இடமெல்லாம் விட்வொர்த்தும் போனார். நம் ரயில்வே, துறைமுகம், மில், தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் மரைதான். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி: உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை இன்றைக்கும் அந்த 55 டிகிரி மரையேதான். வெள்ளைக்காரன் போய், அங்குலம் போய், கேலனும் போய், குழாய் மரை மட்டும் போகவில்லை.

இதில் பட்டறைக்காரர்களைப் படுத்தும் ஒரு விசித்திரம் உண்டு. விட்வொர்த் ஸ்பேனரில் 3/8 என்று பொறித்திருந்தால், வாயின் அகலம் 3/8 அங்குலம் இல்லை. போல்டின் விட்டம் 3/8. ஸ்பேனரின் வாய் 0.71 அங்குலம்! அதாவது 18 மில்லிமீட்டர். புதிதாக வந்த பையன் 19-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போடுவான். ஆடும். "பரவாயில்லை, பிடிக்குது சார்" என்பான். ஒரு தம் கொடுத்தால் ஆறு முனையும் வழுக்கி, தலை மாத்திரை மாதிரி உருண்டு போகும். போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிக்க பிரிட்டன் போல்டின் தலையை ஒரு சைஸ் சிறிதாக்கியது. ஆகவே போருக்கு முந்திய 3/8 போல்டுக்கும் பிந்திய 3/8 போல்டுக்கும் மரை ஒன்று, தலை வேறு. போல்டின் தலையைப் பார்த்தே ஹிட்லருக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் வேறு கதை. 1864-ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர், "உருட்டிய பல்லை வெட்டுவது கஷ்டம், நம் தொழிலாளிக்குச் சுலபமாக இருக்கட்டும்" என்ற நினைப்பில் 60 டிகிரி கோணமும் தட்டையான முனையும் கொண்ட மரையை முன்வைத்தார். அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. இரண்டு நாடும் பேசுவது ஒரே பாஷை, மரை மட்டும் ஒட்டாது. உலகப் போரில் இது பெரிய தலைவலி ஆயிற்று. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்தபோது, அந்த பிரிட்டிஷ் மரைகளுக்கான வெட்டுக் கருவிகளையே தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பட்டது போதும் என்று 1948-ல் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து 'யூனிஃபைடு' என்ற பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் அமெரிக்காவின் 60. பிரிட்டிஷ் மோட்டார் கம்பெனிகள் 1950-களில் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. ஐரோப்பாவில் மற்றவர்கள் எப்போதோ மெட்ரிக்.

இந்த மூன்று மரைகளின் பகை வெளிப்பகையாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். உள்பகைதான் ஆபத்து. அரை அங்குல போல்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 பல், யூனிஃபைடு முரட்டு மரைக்கு 13. ஒன்றில் ஒன்று ஏறாது, உடனே தெரிந்துவிடும். 3/8-ல் இரண்டுக்கும் 16 பல்தான். கோணம் மட்டும் 5 டிகிரி வித்தியாசம். நட்டு ஏறும். பிடிக்கிற மாதிரியும் இருக்கும். ஆனால் பல்லோடு பல் முழுசாக உட்காராது. அப்படி ஏற்றிய நட்டு எஞ்சின் அதிர்வில் ஆடி, இடைவெளியில் உப்புத் தண்ணீர் புகுந்து, பத்து வருஷம் கழித்து எவன் தலையிலோ விடியும்.

இனி நம் கரைக்கு வருவோம். மெட்ரிக் அளவுக்கு மாற இந்தியா 1956-ல் சட்டம் போட்டது. அதே காலத்தில்தான் நம் கடலில் எஞ்சின் சத்தம் பரவலாகக் கேட்கத் தொடங்கியது. 1952-ல் நார்வே நாட்டோடு ஒப்பந்தமாகி, 1953-ல் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் ஆரம்பித்தது. நார்வே பிற நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவி அது. அப்போது நம் குமரி மாவட்டமும் அதே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. உள்ளூர் வள்ளத்திலேயே எஞ்சினைப் பொருத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. பிறகு எஞ்சினுக்கென்றே புதுப் படகுகள் கட்டினார்கள். 1960-களில் இறால் ஏற்றுமதி சூடு பிடித்ததும் இரு கரையிலும் விசைப்படகு பெருகியது. அந்தப் படகுகளில் ஏறிய எஞ்சின்களை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவை மெட்ரிக். சென்னையில் சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ், எண்ணூரில் அசோக் லேலண்டு செய்தது இரண்டும் பிரிட்டிஷ் வம்சம். ராஜ்கோட் எஞ்சின்கள் விட்வொர்த் காலத்தின் நகல். 1980-களிலிருந்து ஜப்பான் அவுட்போர்டு மோட்டார்கள். கட்டுமரத்துக்கு நீண்ட வால் வைத்த சின்ன டீசல்கள். இதில் ஜப்பான்காரரும் மெட்ரிக்தான், ஜெர்மன்காரரும் மெட்ரிக்தான். ஆனாலும் 10 மில்லிமீட்டர் போல்டுக்கு ஜப்பானில் பெரும்பாலும் 14-ஆம் நம்பர் ஸ்பேனர், பழைய ஜெர்மன் அளவில் 17. அண்ணன் தம்பிக்குள்ளேயே இவ்வளவு.

ஆக, நம் துறைமுகத்து மெக்கானிக் ஒருவரின் டூல் பெட்டியைத் திறந்தால் கிரிமியப் போர், உலகப் போர், நார்வே உதவி, ஜப்பான் வியாபாரம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்த மியூசியத்திலும் இதை நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு பெட்டியை 2018-ல் தூத்துக்குடியில் பார்த்தேன். கிழக்குக் கரையில் 2001-லிருந்து விசைப்படகுகளுக்கு வருடாந்தர மீன்பிடித் தடை உண்டு. முதலில் 45 நாள், 2017-லிருந்து 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எஞ்சின் வேலை எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். நான் போனது ஜூன் இரண்டாம் வாரம். லேலண்டு எஞ்சின் ஒன்றில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கழற்ற வேண்டும். ஒரு ஸ்டட் மட்டும் நட்டோடு சேர்ந்து உறைந்து நிற்கிறது. சம்மாட்டி நின்ற இடத்தில் நிற்கவில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் சொல்லி வைத்தாயிற்று, ஆட்களும் வந்தாயிற்று. ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், துளை போட வேண்டும், தடை முடிந்த முதல் நாள் கடல் கிடையாது. இரண்டு மாதம் காத்திருந்தவனுக்கு அந்த முதல் நாள் பாடு எவ்வளவு பெரிது என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு பையன் 15-ஆம் நம்பர் ஸ்பேனரை வைத்து, அதன் வாலில் பைப்பைச் சொருகிவிட்டான். மெக்கானிக் அண்ணாச்சி, எழுபது வயதிருக்கும், ஓரமாக உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தினார்.

"ஏலே, எடு அத. அது எந்த ஊரு நட்டுன்னு பாத்தியா?"

"பதினஞ்சு புடிக்கி அண்ணாச்சி."

"புடிக்கும்லே, புடிச்சு வழுக்கும். பதினாலு போவாது, பதினஞ்சு ஆடும். அப்பம் அது என்னது? ஒம்பதே கால் பதினாறா?"

பையன் சிரித்தான். சம்மாட்டியும் அந்த நிலைமையிலும் சிரித்தார். அது ஒன்பது பை பதினாறு அங்குலம், அதாவது 14.3 மில்லிமீட்டர். யூனிஃபைடு மரை போட்ட 3/8 நட்டின் தலை. அண்ணாச்சி கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளி நுனியைத் தேய்த்தார். தன் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து நுனியில் இரண்டு சுற்று விட்டுப் பார்த்தார். பல் உட்கார்ந்தது. அதன் பிறகே ஒன்பது பை பதினாறு ரிங் ஸ்பேனர் வெளியே வந்தது. வந்தும் அவர் திருகவில்லை.

கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினார். முன்னதாக பில்ஜில் கிடந்த டீசல் கலந்த தண்ணீரை இறைக்கச் சொன்னார். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவும். நட்டு சூட்டில் விரியும், ஸ்டட் அவ்வளவு விரியாது, துருவின் பிடி உடையும். சூடு இறங்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மரையின் ஓரத்தில் தேய்த்தார். உருகிய மெழுகு உள்ளே ஓடி மறைந்தது. சின்னச் சுத்தியலால் நட்டின் ஆறு முகத்திலும் தட்டினார், அடி என்று சொல்ல முடியாது, கதவைத் தட்டுகிற மாதிரி. "டீ சொல்லுங்க" என்றார். டீ குடித்தோம். மறுபடி சூடு, மறுபடி மெழுகு. மூன்றாவது தடவைக்குப் பிறகு ரிங்கை வைத்தார். கழற்றும் பக்கம் தள்ளுவார் என்று பார்த்தால், இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தார். "டிக்" என்று ஒரு சத்தம். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதன் பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று, எண்ணெய், மறுபடி கால் சுற்று. நட்டு முழுதாக வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஸ்டட் முழுசாக நின்றது.

பைப்பைப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், ஏதோ ஒரு விதமாக.

முன்னும் பின்னும் அசைப்பது ஏன் என்று கேட்டேன். "பொடி வெளிய வரணும்லா சார். ஒரே தம்முல கழட்டுனா அந்தப் பொடியே திரும்ப ஆப்பா மாறிரும்." நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் உள் மரை வெட்டும்போது டேப்பை முன்னே அரைச் சுற்று, பின்னே கால் சுற்று திருப்பச் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? அதே சங்கதி.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் என்று ஆளுக்கொரு தீர்த்தம். கடையில் நீல டப்பாவில் வரும் டபிள்யூடி-40 எல்லோருக்கும் தெரியும். அது 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனத்தில் பிறந்தது. பெயரின் பொருள் 'தண்ணீரை விலக்கு, நாற்பதாவது முயற்சி'. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பயன்பட்டது. அதாவது, தண்ணீரை விரட்டுவதுதான் அதன் பிறவி வேலை. துருவேறிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்யும் எண்ணெய்கள் தனியாக இருக்கின்றன. என் அனுபவத்தில் எந்த எண்ணெயானாலும் வேலை செய்வது இரவில்தான். சாயங்காலம் விட்டு, தட்டிவிட்டு, காலையில் பார்க்க வேண்டும். உடனே பலன் கேட்கிற ஆளுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

அலுமினியத்துக்குள் இரும்பு இறுகியிருந்தால் சூட்டை மாற்றிக் காட்ட வேண்டும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆகவே சுற்றியுள்ள அலுமினியத்தை மிதமாகச் சூடாக்கினாலே துளை பெரிதாகிப் பிடி தளரும். ஆனால் அலுமினியம் சிவக்காது, சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். வெந்நீரில் நனைத்த துணியில் ஆரம்பிப்பது உத்தமம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடலோரத்தில் இந்த அறிவு எவ்வளவு பெறுமானம் என்பது தெரிந்தது. சுனாமி படகுகளை உடைத்ததோடு நிற்காமல், எஞ்சின்களை உப்பு நீரிலும் மணலிலும் முக்கி எடுத்துப் போட்டது. கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் ஊர் ஊராக எஞ்சின் ரிப்பேர் முகாம் நடத்தினார்கள். மூழ்கிய எஞ்சினுக்கு முதல் வைத்தியம் நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே இருப்பதை வடித்து, எண்ணெயை நிரப்புவதுதான். அது சீக்கிரம் நடந்த எஞ்சின் பிழைக்கும். துக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்தவை மரைக்கு மரை இறுகிப்போகும். வீட்டில் சாவு விழுந்தவன் எஞ்சினைக் கழுவப் போவானா? அப்படிக் கிடந்த எஞ்சின்களின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டட்டாக எடுத்தவர்கள் இந்த அண்ணாச்சி மாதிரி ஆட்கள். நிவாரணக் கணக்கில் புதுப் படகு எத்தனை என்ற எண்ணிக்கை நிற்கிறது. முறியாமல் வந்த ஸ்டட் எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் மேல் எனக்குள்ள ஒரே குறை இதுதான்.

இன்றைய துறைமுகங்களில் மெட்ரிக் ஸ்பேனர் செட்டு ஒன்றே போதும் என்கிற நிலை வந்துகொண்டிருக்கிறது. நல்லதுதான். ஒவ்வொரு நட்டுக்கும் வம்சாவளி விசாரித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் விட்வொர்த் ஸ்பேனர்கள் எடைக்குப் போகின்றன. 18-ஆம் நம்பர் ஸ்பேனர் 3/8-க்கு ஒத்துப்போகும், சமாளிக்கலாம். அரை அங்குல விட்வொர்த்தின் தலை 23.4 மில்லிமீட்டர், 23 நுழையாது, 24 ஆடும். அதற்கு அசல்தான் வேண்டும்.

என் எஞ்சினில் இப்போது பாக்கி இருப்பது சரியாக அந்த அரை அங்குல நட்டு ஒன்றுதான். இரண்டு வாரமாக எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருப்பது ஓபன் ஸ்பேனர். இந்த வேலைக்கு ரிங் வேண்டும். நண்பர்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயிலோ, மில்லிலோ, துறைமுகத்திலோ வேலை பார்த்திருந்தால், பரணில் ஒரு கோணிப்பைக்குள் தேடிப் பாருங்கள். 1/2 என்று பொறித்து, பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருக்கும். கிடைத்தால் சந்திப்புக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். வேலை முடிந்ததும், கழன்ற நட்டையும் சேர்த்துத் திருப்பித் தந்துவிடுகிறேன்.